தண்ணீர் வந்த மறுநாள்

தொண்ணூறுகளின் நடுவில், மர்பி டவுனில் ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருநாள் விட்டு ஒருநாள் கண் சொக்கி உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கோபம் கோபமாக வரும். இன்னும் சத்தமாகப் பாடம் நடத்துவேன்.

ஒரு காலையில் ஸ்டெல்லா என்ற பெண் கரும்பலகையைப் பார்த்தபடியே தூங்கி, பெஞ்சிலிருந்து சரிந்தாள். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன்.

"நேத்து நைட்டு கொழாய்ல தண்ணி வந்துச்சு மிஸ். விடியறவரைக்கும் லைன்ல நின்னோம்," என்றாள். குடம் தூக்கிய உள்ளங்கைகள் சிவந்திருந்தன. மற்றவர்களும் தங்கள் கைகளை விரித்துக் காட்டினார்கள்.

புத்தகத்தை மூடினேன். "எல்லாரும் தலை சாய்ச்சுக்கோங்க."

முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தின் பூக்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துகொண்டிருந்தன. அத்தனை பேரின் மூச்சும் ஒன்றாகி, அந்த அறையே ஏதோ ஏரியில் மெல்ல மிதப்பதுபோல் இருந்தது.

அப்போதுதான் வராந்தாவில் ஹெச்.எம். மேடத்தின் செருப்புச் சத்தம் டக் டக்கென்று நெருங்கியது. வேலை போச்சு என்று எழுந்து நின்றேன்.

அவர் வாசலில் நின்று பிள்ளைகளைப் பார்த்தார். நான் வாயைத் திறந்ததும் உதட்டில் விரல் வைத்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு திரும்பிப் போனார்.

அந்த பீரியட் முடிந்தபோது மணி அடிக்கவே இல்லை.

இன்றும் வகுப்பில் ஒரு பிள்ளை கண் அசந்தால், நான் முதலில் என் குரலைத்தான் தாழ்த்துகிறேன்.