திறக்க மறுத்த என் வாயும் நான் நேர்ந்துகொண்ட நேர்ச்சையும்

சிறுநீர் போகிற வழி சுருங்கினால் மனிதன் எவ்வளவு பணிவாகிவிடுகிறான் தெரியுமா? நான் கடத்தூர் சந்தையில் லுங்கியும் போர்வையும் கூவி விற்கிறவன். வருகிறவரைக் கேலி பேசாமல் ஒரு துண்டு விற்றதில்லை. அப்படிப்பட்டவன் சொட்டுச் சொட்டாகப் போவதற்குள் கழிவறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கன்னத்தின் உட்புறத் தோலை எடுத்து, சுருங்கிய சிறுநீர்ப் பாதையில் வைத்துத் தைக்க வேண்டும் என்றார் சேலத்து மருத்துவர்.

"மேல இருக்கறத எடுத்துக் கீழ வெக்கறீங்களா டாக்டர்? அப்பறம் அதும் பேச ஆரம்பிச்சுட்டா?"

என் மனைவி மும்தாஜ் தலையில் அடித்துக்கொண்டாள். துணிச்சல் அத்தோடு சரி. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது நடுக்கத்தில் நேர்ந்துகொண்டேன்: "யா அல்லாஹ், தடையில்லாமல் போக வை. இனி யாரையும் கேலி பேச மாட்டேன்."

ஆபரேஷனில் மாட்டிவிட்ட ரப்பர் குழாயை எடுத்த பிறகு தடையில்லாமல் போனது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாய் திறக்கவில்லை.

தோல் எடுத்த இடம் கயிறுபோல இறுகிவிட்டது. ஒரு விரல்தான் நுழையும். உதட்டோரம் மரத்துப்போய், டீ வழிந்தாலும் தெரியாது. வாயைத் திறந்து மூடிப் பயிற்சி செய்யச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். தையல் பிரிந்துவிடுமோ என்று நான் செய்யவில்லை. இறுகிய பிறகு அதைவிடப் பெரிய பயம் பிடித்தது. நேர்ச்சையை ஏற்றுத்தான் அல்லாஹ் வாயைப் பூட்டிவிட்டான். நானாகத் திறந்தால் கீழே மறுபடியும் அடைத்துக்கொள்ளும்! இந்த அறிவாளிதான் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மும்தாஜ் பிரியாணித் தம்மைத் திறப்பாள். மணம் தெருவரை போகும். எனக்குக் கரைத்த கஞ்சி. வாய் நிறைய ஒரே ஒரு கவளம் என்று மனம் ஏங்கும். அதைவிட, அவளோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரிக்க ஏங்கினேன். என் சத்தம் இல்லாத வீட்டில் அவளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் மாலைத் தொழுகை முடிந்து அவள் கையேந்தியிருந்தாள். "ரப்பே, இந்த மனுசன் என்னயவே கேலி பண்ணட்டும். பரவால்ல. வூட்டுல பேச்சு சத்தம் கேட்டாப் போதும்."

நான் பின்னால் உட்கார்ந்து கையேந்தினேன். வாயால் கேட்க முடியவில்லை. கண்ணீர்தான் கேட்டது.

மறுநாள் பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத்திடம் பல்லிடுக்கு வழியே விஷயத்தைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார்.

"கேலி பேச மாட்டேன்னுதானுங்க பாய் நேர்ந்துகிட்டீங்க?"

"ஆமாங்க ஹஜ்ரத்."

"சோறு திங்கறதுல என்னங்க கேலி இருக்குது? டாக்டர் சொன்னத மொதல்ல செய்யுங்க."

"என்னய நானே கேலி பண்ணிக்கலாங்களா?"

"அதுக்கு உங்ககிட்ட நெறைய சரக்கு இருக்குது. பண்ணுங்க."

நெஞ்சிலிருந்த கல் இறங்கியது. அன்றே சேலத்துக்குப் பேருந்து ஏறினேன். குச்சி ஐஸின் மரக்குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, சிறிது சிறிதாக எண்ணிக்கையைக் கூட்டச் சொன்னார் மருத்துவர். உயிர் போகிற வலி. ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு பிஸ்மில்லாஹ். கண்ணாடியில் முகம் பார்த்தால் பல்லைக் காட்டும் குதிரை. மும்தாஜிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். அவள் ஒரு கவளம் உருட்டி நீட்டினாள். திறந்தேன். முழுதாக உள்ளே போனது. மென்றுகொண்டே அழுதேன்.

உதட்டோரம் இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது. அது சரியாகவும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சந்தையில் வருகிறவர்களைக் கேலி பேசுவதில்லை. என் கதையைச் சொல்கிறேன், வியாபாரம் நடக்கிறது. சகோதரர்களே, வெட்கப்பட்டு மறைக்கிற நோயையும் அவனிடம் சொல்லலாம். சொல்ல வாய் வராவிட்டால் சும்மா கையேந்துங்கள். நான் வாய்விட்டுச் சொல்லாததைக்கூட அவன் கேட்டான்.