சகியுசா பெரியப்பா கடைசியாகத் திருடியது

"பல்செட்டு இல்லாம சர்ச்சுக்கு வரமாட்டேன். உங்க ஊர்ப் பயலுக ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவானுக!" என்று பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள் கெலெரா பெரியம்மா.

வசிதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சகியுசா பெரியப்பாவின் சவப்பெட்டி பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சர்ச்சில் வந்து இறங்கிவிட்டது. கெலெரா பாடிய பிறகுதான் பெட்டியை மூட வேண்டும் என்று மனுஷர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பல்செட்டோ, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளிலிருந்து காணோம். வசிதி படுக்கையை உதறினாள். பன்றித் தொட்டியில்கூடக் கைவிட்டுத் துழாவினாள்.

திருட்டு அந்த வீட்டுக்குப் புதிதா என்ன! பெரியம்மா ஊரும் பெரியப்பா ஊரும் தௌவூ உறவு. பிஜிக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தரவேண்டாம். ஒருவர் பொருளை ஒருவர் திருடலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம், கோபம் மட்டும் கூடாது. வாலிபத்தில் பெரியப்பா அவள் வீட்டுப் பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். சிரிக்க வேண்டியவள் துடுப்பால் முதுகில் ஒன்று வைத்தாள். கோபப்பட்டதற்குத் தண்டமாக யங்கோனா வேர்க்கட்டைச் சுமந்துகொண்டு அவர் ஊருக்கு வந்தாள். வேரை இடித்தார்கள், கரைத்தார்கள், குடித்தார்கள், பேசினார்கள். அவள் அங்கேயே தங்கிவிட்டாள். அப்புறமும் அவர் இவள் சட்டி மீனைத் திருடுவார். அவர் தூங்கும்போது இவள் ஒரு பக்க மீசையைத் திருடுவாள்.

கடைசியில் வாயைத் துண்டால் மூடிக்கொள்ளச் சொல்லி, வசிதி பெரியம்மாவை இழுத்துக்கொண்டு போனாள்.

பெட்டிக்குள் பெரியப்பா ஈயென்று இளித்துக்கொண்டிருந்தார். பொக்கைவாய் மனுஷருக்கு முத்து முத்தாய்ப் பல்! ஆஸ்பத்திரிக்காரர்கள் அவருடையது என்றே நினைத்திருக்கிறார்கள், பாவம்.

"அட திருட்டுப் பயலே! அது என் பல்லுடா!"

பெரியம்மா போட்ட சத்தத்தில் போதகர் பாட்டுப் புத்தகத்தை நழுவவிட்டார்.

"மதினிக்குக் கோபம் வந்திருச்சு! தண்டம், தண்டம்!" என்று துள்ளினார் பெரியப்பாவின் தம்பி அபொரோசா. சர்ச்சே விழுந்து விழுந்து சிரித்தது.

"எடுத்துக் கழுவித் தரட்டுமா பெரியம்மா?" என்றாள் வசிதி.

பெரியம்மா துண்டை வீசி எறிந்தாள். "வேண்டாம்டி. அவர்கிட்டயே இருக்கட்டும். தண்ட வேரை அவர் போன இடத்துக்கு ஒருநாள் நானே சுமந்துட்டுப் போவேன்ல, அப்ப வாங்கிக்கிறேன்."

பிறகு பொக்கைவாயால் பாடினாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. வசிதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாட்டு முடிந்த பிறகும் பெட்டியை மூட யாரும் எழுந்திருக்கவில்லை.