குழாய்க்கு மேலே பூஜ்யம்

ஹால்வர் நெஸ் முப்பத்தோரு வருடம் சாலைக்கு அடியில் குழாய் பதித்தவர். அந்த முப்பத்தோரு வருடமும் அவருக்கு முன்னால் நடுரோட்டில் 'நில்' பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், மார்லிஸ். ஆகவே அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட யோக்கியதை உள்ளவர் பியூஜெட் சவுண்ட் என்கிற அமெரிக்கக் கடற்கழியின் இந்தக் கரையில் எவரும் இல்லை. இருந்தால் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

பதித்த குழாய்களில் அவருக்குச் செல்லப்பிள்ளை, தன் வீட்டுப் பாதைக்கு அடியில் பதித்ததுதான். வீட்டுக்கு முன்னால் ஓர் ஓடை குறுக்கே ஓடிக் கடலில் கலக்கிறது. ஓடை குழாய்க்குள் போகும். ஹால்வரின் டிரக் அதன் மேல் போகும். பதித்த நாளில் குழாயின் வாயும் ஓடையும் ஒரே மட்டத்தில் இருந்தன. முப்பது மழைக்காலம் தண்ணீர் விழுந்து விழுந்து கீழே பள்ளம் பறித்துவிட, குழாய் என் இடுப்புயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. நவம்பரில் முட்டையிட ஏறி வரும் 'சம்' வகை சால்மனுக்கு உயரக் குதிக்க வராது. முட்டையிட்ட பிறகு சாவது அதன் இயல்பு; இங்கேயோ வந்து, எம்பி, முட்டி, விழுந்து, முட்டையிடாமலே பள்ளத்தில் செத்துப்போகும்.

"குழாய் வெச்ச எடத்துலதான் இருக்கு. ஓடைதான் எறங்கிப் போச்சு. போய் ஓடையைக் கேளுங்க," என்பார் ஹால்வர்.

அவர் மனைவி பெர்னிஸ், கரையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து ஓர்க்கா திமிங்கிலங்களைக் கணக்கெடுக்கும் கூட்டத்தில் ஒருத்தி. எங்கள் ஓர்க்காக்கள் வீம்பு பிடித்தவை. கடல்நாய் பக்கத்தில் வந்து நீந்தினாலும் தொடாது. மீன்தான் வேண்டும், அதிலும் சால்மன்தான் வேண்டும். கோடையில் சினூக் என்கிற பெரிய வகை, குளிர் தொடங்கினால் எங்கள் பக்கத்து சம். அணை, சாலை, குழாய், சூடேறிப்போன ஆறு என்று எல்லாம் சேர்ந்து மீனைக் குறைத்துவிட்டதால் அவை ஒட்டி உலர்ந்து திரிகின்றன. ஒரு வருடம் நவம்பரில் அப்படி ஒன்றின் படத்தைப் பெர்னிஸ் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள். நானும் அன்று அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பாரு ஹால்வர், கழுத்து தெரியுது."

"திமிங்கிலத்துக்கு ஏதும்மா கழுத்து?"

"அதான் நானும் சொல்றேன். தெரியவே கூடாது. பட்டினி கெடந்து தலைக்குப் பின்னாடி குழி விழுந்துடுச்சு."

"அதுக்கு என் குழாய் என்ன செய்யும்?"

"சாப்பாட்டை வழியில நிறுத்தி வெக்கும்."

ஹால்வர் உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

வேய்லன் வந்தது அதே வாரம். சுகாமிஷ் பழங்குடியின் மீன்துறையில் அவனுக்கு வேலை. ஓடை ஓடையாக நடந்து சால்மன் எண்ணுவான். நாற்பது வயது, வாய் நிறையக் கிண்டல்.

"பெரியவரே, இந்த வருஷமும் குழாய்க்கு மேல மீன் இல்லேன்னா, தோண்டி எடுக்கணும்னு எழுதிடுவேன். பதிலுக்குப் பாலம் போட்டுத் தருவாங்க."

"மேல மீன் இருக்கு தம்பி. உனக்குத்தான் கண்ணு சரியில்ல. செவ்வாய்க்கிழமை வந்து பாரு."

திங்கள் காலை பனிமூட்டத்தில் ஹால்வர் இரண்டு பெரிய வாளிகளோடு என் வாசலில் நின்றார். "மார்லிஸ், உன் பலகை இருக்குல்ல? எடு."

என்னிடம் காரணம் கேட்காதீர்கள். முப்பத்தோரு வருடப் பழக்கம், எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நான் பாதையின் வளைவில் காவல் நிற்க, அவர் பள்ளத்தில் செத்துக் கிடந்த மீன்களை வாளி வாளியாகச் சுமந்து குழாய்க்கு மேலே கொண்டுபோய்ப் போட்டார். மொத்தம் பதினெட்டு. நாற்றம் தாங்காமல் மூக்கைச் சட்டைக் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டேன்.

"என்ன ஹால்வர், ஒண்ணுக்கும் வாலையே காணோம்?" என்றேன்.

"நீர்நாய் தின்னிருக்கும். நீ ரோட்டைப் பாரு."

செவ்வாய்க்கிழமை வேய்லன் வந்து மேலே நடந்தான். நாங்கள் இருவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாதவர்களாகப் பின்னாலேயே போனோம். முதல் மீனைப் பார்த்தான். இரண்டாவதைப் பார்த்தான். ஆறாவதில் அப்படியே குந்திவிட்டான். தோள் குலுங்கியது, அழுகிறானோ என்று ஒரு நிமிடம் பயந்தேன்.

"பெரியவரே... ஒரு தடவை எண்ணின மீனை மறுபடி எண்ணிடக் கூடாதுன்னு, செத்த மீனோட வாலை நாங்களே வெட்டிடுவோம். இதெல்லாம் போன வாரம் கீழ நான் வெட்டினது."

ஹால்வர் குனிந்து ஒரு மீனைப் புரட்டிப் பார்த்தார்.

"அதுவும் போகட்டும். அதென்ன, எல்லாம் ஒரே கோட்டுல, பத்தடிக்கு ஒண்ணா செத்திருக்கு? சாலையில கூம்பு வெக்கிற மாதிரி!"

திரும்பிப் பார்த்தேன். சத்தியமாக அப்படித்தான் இருந்தது. மனிதர் வளைவில் மட்டும் ஐந்தடிக்கு ஒன்றாக நெருக்கி வைத்திருந்தார், சாலை விதிப்படி. சிரிப்பை அடக்க முடியாமல் நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டேன். காட்டிக்கொடுத்தவளே நான்தான் என்பது போல ஹால்வர் என்னை முறைத்தார்.

வேய்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தான். "குழாய்க்கு மேலே, பூஜ்யம்" என்று சத்தமாகச் சொல்லியே எழுதினான்.

ஹால்வர் சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. பக்கத்துக் கட்டையில் உட்கார்ந்தார்.

"நேத்து பள்ளத்துல ஒண்ணு உசுரோட இருந்துச்சு," என்றார். "பொட்டை மீன். நான் வாளியும் கையுமா நிக்கிறேன், அது குழாயைப் பாத்துக் குதிக்குது. பத்தொன்பது தடவை. மூஞ்சியெல்லாம் கிழிஞ்சு போச்சு. அப்புறம் குதிக்கல. நான் வெச்ச குழாய் தம்பி. எனக்கு வெக்கமா இருக்கு."

எனக்கும் சிரிப்பு நின்றுபோயிற்று. பலகை பிடித்தவள் நானல்லவா?

விஷயம் மூன்றே நாளில் தேவாலயத்தில் நடக்கும் லூட்டஃபிஸ்க் என்கிற நார்வே மீன் விருந்துவரை போய்விட்டது. ஹால்வர் தட்டை நீட்டினால், "வாலோட வேணுமா, வாலில்லாம வேணுமா?" என்று கேட்டார்கள். கொடுத்ததைத் தின்றுவிட்டு வந்தார்.

அடுத்த ஆகஸ்டில், தண்ணீர் வற்றியிருந்தபோது, குழாயைத் தோண்ட ஆட்கள் வந்தார்கள். பொக்லைன் ஓட்டுபவனை இறங்கச் சொல்லிவிட்டு ஹால்வரே ஏறி உட்கார்ந்தார். "வெச்சவன் நான். எடுக்கிறவனும் நான்தான்." ஒரே இழுப்பில் வந்துவிட்டது. ஓடையின் அடியைக் கல்லும் மணலும் போட்டுச் சரிவாக்கினார்கள். பாலத்தின் உத்தரம் மட்டும் இன்று வரும், நாளை வரும் என்று இழுத்துக்கொண்டே போய், மழையும் வந்துவிட்டது. டிரக் வீட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டது. எழுபத்திரண்டு வயதில் ஹால்வர் மளிகைப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒற்றைப் பலகையில் ஓடையைக் கடந்தார். அப்போதும் தினம் காலையில் மேலே நடந்து போய்ப் பார்ப்பார். நவம்பர் பாதி கழிந்தும் ஒன்றும் வரவில்லை. "வராதா மார்லிஸ்? முப்பது வருஷத்துல வழியை மறந்துடுச்சோ?" என்று என்னைக் கேட்பார்.

ஒருநாள் என் கதவை இடித்தார். "கெடக்கு! வாலோட கெடக்கு!"

பெர்னிஸைக் கரையிலிருந்து கூப்பிட்டோம். வேய்லனும் வந்தான். குழாய் இருந்த இடத்துக்கு மேலே, வேர்களுக்கு நடுவில், கோணலாக ஒரு செத்த சம் கிடந்தது. வேய்லன் மீனைப் பார்த்தான், ஹால்வரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"யாரு தூக்கிட்டு வந்து போட்டது?"

"அடப்பாவி! வாலைப் பாருடா!" ஹால்வருக்கு முகம் சிவந்துவிட்டது. "என் வீட்டு மேல சத்தியம், நான் தொடவே இல்ல!"

"கத்தாதீங்க," என்றாள் பெர்னிஸ் மெதுவாக. "அங்க பாருங்க."

நாலடி தள்ளி, முழங்கால் ஆழத் தண்ணீரில், ஒரு பெட்டை மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கல்லை அடித்து, முட்டையிடக் குழி பறித்துக்கொண்டிருந்தது. அந்த வால் தேய்ந்து வெளுத்திருந்தது.

வேய்லன் கத்தியை எடுத்து ஹால்வர் கையில் கொடுத்தான். "செத்ததோட வாலை நீங்களே வெட்டுங்க, பெரியவரே." ஹால்வர் வெட்டினார். வேய்லன் நோட்டில் எழுதினான். "குழாய் இருந்த இடத்துக்கு மேலே: செத்தது ஒன்று, உயிரோடு ஒன்று."

"இதோட குஞ்சுங்க கடலுக்குப் போய், வளந்து, என் திமிங்கிலங்க வாய்க்கு எட்ட நாலு வருஷம் ஆகும்," என்றாள் பெர்னிஸ்.

"நாலு வருஷம்தானே? இருப்பேன்," என்றார் ஹால்வர். சொல்லிவிட்டு, எங்கள் முன்னாலேயே, வாலைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று நான் பலகை கொண்டுபோகவில்லை. ஆனாலும் அந்த மீன் குழியை மூடி முடிக்கும்வரை நாங்கள் நாலு பேரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.