ஐந்தாவது டயர்

வெயிலில் சூடேறிய டயரின் பக்கவாட்டை விரலால் தடவிக்கொண்டே போனால் ஓரிடத்தில் சின்ன நீள்வட்டம் ஒன்று தட்டுப்படும். அதற்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் அந்த டயர் எந்த வாரத்தில் வார்க்கப்பட்டது என்பதையும், பின் இரண்டும் எந்த ஆண்டில் என்பதையும் சொல்கின்றன. கிழக்குத் தாம்பரத்தில் நான் முதன்முதலாக டயர் வாங்கியபோது அதில் இருந்தது 1422. அதாவது 2022ஆம் ஆண்டின் பதினான்காவது வாரம், ஏப்ரல் தொடக்கம். கோயில் கல்வெட்டு, பழைய பத்திரம், கட்டடத்தின் அடிக்கல் என்று தேதி கிடைக்கும் இடமெல்லாம் நின்று குறித்துக்கொள்ளும் பழக்கம் உள்ள எனக்கு, இவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்ட ஆவணம் வேறெங்கும் கிடைத்ததில்லை. படித்திருக்க வேண்டிய டயர் ஒன்று என் பிள்ளைப் பருவத்தில் ஒன்பது ஆண்டுகள் எங்கள் காரிலேயே இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை.

அந்தக் கார் வந்தது 1999 தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. எனக்கு அப்போது இரண்டு வயது. அந்த நாளைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் ஒரு புகைப்படத்திலிருந்துதான். சேலையூரில் எங்கள் வீட்டு வாசலில் பச்சை நிறச் சின்னக் கார், நான்கு சக்கரங்களின் அடியிலும் எலுமிச்சம்பழம், திறந்திருக்கும் டிக்கிக்குள் சந்தனமும் குங்குமமும் இட்ட ஐந்தாவது டயர். ஓடாத டயருக்கு எலுமிச்சம்பழம் கிடையாது, பொட்டு மட்டும் உண்டு. பிறகு எனக்கு நினைவு தெரிந்த நாள்களில், டிக்கி விரிப்பைத் தூக்கினால் முகத்தில் அடிக்கும் புது ரப்பர் வாசனையும், வார்ப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மெல்லிய ரப்பர் முடிகளை நான் விரலால் சாய்த்துவிட்டால் அவை மறுபடி நிமிர்ந்துகொள்ளும் பிடிவாதமும்தான் என் முதல் கார் நினைவு.

எங்கள் வீட்டில் நல்ல பொருள் என்றால் அது இன்னும் பயன்படுத்தாத பொருள். தொலைக்காட்சி ரிமோட் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்து வேலை செய்தது. அம்மாவின் புது எவர்சில்வர் தட்டுகள் கடைக்காரர் ஒட்டிய காகிதத்தோடு பரணில் இருந்தன. கார் சீட்டின் கண்ணாடித்தாள் எங்கள் தொடைகளில் ஒட்டி ஒட்டித் தானாகக் கிழியும்வரை அப்பா அதை எடுக்கவில்லை. இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலான இடம் அந்த டயருக்கு. அதற்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்தவர் சேகர் மாமா. அம்மாவின் தம்பி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் சூப்பர்வைசராக இருந்துகொண்டு எங்களோடு தங்கியிருந்தவர். மற்ற நான்கும் ஓடி உழைக்க, இது மட்டும் பொட்டு வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தபடி வருகிறதே என்பதுதான் காரணம். வேகத்தடை வந்தால், "பார்த்து மச்சான், மாப்பிள்ளைக்குத் தூக்கம் கலைஞ்சிடப்போகுது" என்பார். அப்பா சிரிக்காமல் கியர் மாற்றுவார்.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். எதையும் முறைப்படி செய்பவர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, ரப்பர் சூடாவதற்கு முன் பெட்ரோல் பங்குக்குப் போய் நான்கு டயருக்கும் காற்று பார்ப்பார். பிறகு டிக்கியைத் திறப்பார். பங்கில் இருந்தவர் சலித்துக்கொள்வார்: "ஓடாத டயருக்கு இன்னாத்துக்கு சார் காத்து?"

"ஓடாத டயருக்குத்தான்பா மொதல்ல வேணும். அவசரத்துல அதுதானே கைகொடுக்கணும்."

2005இல் ஓடிய நான்கும் தேய்ந்து வழவழப்பானபோது அந்த நான்கை மட்டும் மாற்றினார். ஐந்தாவதை மாற்றும் எண்ணமே யாருக்கும் வரவில்லை. புதிதாக வந்த நான்கையும் விட அதுதான் புதிதாகத் தெரிந்தது.

2008 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்தில் கார் இடது பக்கமாக இழுத்தது. அப்பா உடனே பிரேக்கை மிதிக்கவில்லை. வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, வளைவைத் தாண்டி, தரை சமமாகவும் இறுக்கமாகவும் இருந்த ஓர் இடம் பார்த்து நிறுத்தினார். இடது பக்கத்து டயர் ஒன்றில் ஆணி. அம்மா பிரசாதப் பையோடு, வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்த புங்க மரத்து நிழலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கிருந்து கார் தெரியாது. காரின் அருகே நாங்கள் மூன்று பேர்: அப்பா, மாமா, பதினொரு வயது நான்.

அப்பா சக்கரம் மாற்றியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். என்றாலும் இன்றும் அதன் ஒவ்வொரு படியையும் வரிசையாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார். ஹேண்ட் பிரேக், முதல் கியர், மினுக்கும் விளக்கு. தூக்கப்போகும் சக்கரத்துக்கு நேர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்.

"கல்லு வெச்சாச்சா சேகர்?"

"ஒண்ணுதான் கெடைச்சுது மச்சான். இன்னொண்ணுக்கு நானே படுத்துக்கட்டுமா?"

"வெளையாடாதே. போய்ப் பெரிசா ஒண்ணு தேடு."

மாமா போய்த் தேடிவந்த கல்லை அப்பா காலால் உதைத்துப் பார்த்து, திருப்தியில்லாமல் தானே குனிந்து சரியாக அணைத்து வைத்தார். ஜாக்கி ஏறுவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நான்கு நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினார். "தூக்கினப்புறம் பலம் குடுத்தோம்னா வண்டி சாயும்." ஜாக்கியை அதற்கென்று இருக்கும் இடத்தில் மட்டும் வைத்தார். வண்டி எழும்பியதும், ஐந்தாவது டயரை வண்டிக்கு அடியில் படுக்கவைத்தார்; ஜாக்கி வழுக்கினால் வண்டியின் எடையை அது தாங்கும், ஆள் நசுங்க மாட்டான். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியபின் அதை அடியில் தள்ளிவிட்டு மாப்பிள்ளையை வெளியே எடுத்தார்.

"ஒன்பது வருஷம் கழிச்சு மாப்பிள்ளை தரையில கால் வெக்கிறார். ஆரத்தி எங்கக்கா?" என்று மாமா வளைவின் பக்கம் திரும்பிக் கத்தினார். பதில் வரவில்லை. நட்டுகளை எதிரெதிராக முடுக்கியதும், இறக்கியபின் மறுபடி முடுக்கியதும், கல்லை மறக்காமல் சாலையை விட்டு ஓரத்தில் வீசியதும், கால் மணி ஓட்டியபின் நிறுத்தி ஒரு தடவை முடுக்கிப் பார்த்ததும் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இதை எழுதுவதற்காகப் பல கையேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

பம்மலில் பஞ்சர் கடைக்காரர் ஆணியைப் பிடுங்கி ஒட்டிக் கொடுத்தார். அவரே மாப்பிள்ளையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா சார் இது, மூடி வெச்ச மாதிரி கீது! இத்தக் கழட்டாத. இதே ஓடட்டும். ஒட்டுப் போட்டத டிக்கில போட்டுக்கோ." நியாயமாகத்தான் பட்டது. அப்பா அப்படியே செய்தார்.

அதற்கடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாமா தன் பட்டறையில் செய்த மாதிரி உதிரிப் பாகங்களை மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் காட்ட வேண்டியிருந்தது. பெட்டி பைக்கில் வைக்க முடியாத கனம். அப்பா சாவியைக் கொடுத்து, "எண்பதைத் தாண்டாதே" என்றார்.

"பயப்படாதீங்க மச்சான். இப்பதான் மாப்பிள்ளையும் வேலைக்கு வர்றாரே."

மழை வராத ஜூன் மாதம். ஜி.எஸ்.டி. சாலை பகலில் எப்படிக் கொதிக்கும் என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூடுவாஞ்சேரி தாண்டி டயர் வெடித்தது. கார் இடது பக்கம் இழுத்துக்கொண்டுபோய், ஓரத்தில் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதியது. மாமாவை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றபோதே உயிர் இல்லை. அவருக்கு முப்பத்தொரு வயது.

அங்கே டீக்கடை வைத்திருந்தவர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டி அப்பாவிடம் சொன்னார்: "முன்னாடி, இந்தக் கைப்பக்கத்து டயருங்க. டமார்னு கேட்டுச்சு. திரும்பிப் பாக்கறதுக்குள்ள வண்டி லாரிகிட்ட பூடுச்சு." காவல் நிலையத்தில் கொடுத்த தாளில் 'டயர் வெடித்து' என்பதோடு சரி, எந்த டயர் என்று இல்லை. அப்பா காரைப் பார்க்கப் போனபோது அது காவல் நிலையத்துக்குப் பின்னால் செங்கற்கள் மேல் நின்றது. இடது பக்கத்து இரண்டு சக்கரமும் இல்லை. யார் கழற்றியது என்று கேட்டதற்கு, "வர்றப்பவே அப்டித்தான் வந்துச்சு" என்றார்கள்.

அப்போது டயருக்கு வயது உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. அதனால் எந்த டயர் என்ற கேள்வியும் வீட்டில் எழவில்லை. வேகமாகப் போயிருப்பான் என்றார்கள், வெயில் என்றார்கள், விதி என்றார்கள். அப்பா அதன்பின் கார் வாங்கவில்லை.

பதினான்கு ஆண்டுகள் கழித்து நான் ஒரு பழைய கார் வாங்கி, அதற்கு டயர் போடச் சென்றபோது அப்பாவும் கூட வந்தார். கடை இளைஞர் தன் சரக்கின் பெருமையைக் காட்டத்தான் அந்த நான்கு இலக்கங்களைத் தொட்டுக் காட்டினார். "ஃபிரெஷ் ஸ்டாக் மேடம். சில கடையில பழசைத் தள்ளிவிட்டுடுவாங்க. டேட் பார்த்து வாங்கணும்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: "ஓட்டாம அப்படியே வெச்சிருந்தா?"

"ஓட்டினாலும் ஓட்டாட்டியும் ரப்பருக்கு வயசு ஏறும் அங்கிள். உள்ளேயே காஞ்சு விட்டுப்போயிடும். பார்க்கப் புதுசாத்தான் இருக்கும். ஆறு வருஷத்துக்கு மேல ஆனா ஸ்டெப்னியைக்கூட நம்பக் கூடாது."

அப்பா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். திரும்பும் வழியில், சேலையூர் ஏரி வந்தபோது, யாரும் எதுவும் கேட்காமலே, "நான் அதைப் பின்னாடிதான் போட்டேன்" என்றார். அன்று மாலை தொலைக்காட்சி ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டார்.

அதற்குப்பின் அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, செய்தித்தாளை மடிக்கும்போது, மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது. பின்னால் போட்டிருந்தால், முன்னால் வெடித்தது வேறு டயர். முன்னால் போட்டிருந்தால், தன் மனைவியின் தம்பியைக் கொன்றது தன் கையால் காற்று பிடித்து, பொட்டு வைத்துப் பாதுகாத்த டயர். அவருக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டில் ஒன்று.

என் நினைவு வேறு மாதிரி இருந்தது. குன்றத்தூர் சாலையில் அப்பா குனிந்திருக்க, அவருடைய வியர்த்த முகம் ஹெட்லைட் கண்ணாடியில் வளைந்து தெரிந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹெட்லைட் இருப்பது முன்பக்கம். ஒரே ஒரு முறை இதைச் சொன்னேன். அப்பா சற்றும் தயங்கவில்லை.

"கல்லு வெக்கறப்போ பார்த்திருப்பே. பின் இடது சக்கரத்தைத் தூக்கினா முன் வலதுக்குத்தானே கல்லு வெக்கணும்? அதுக்குத்தான் முன்னாடி வந்து குனிஞ்சேன்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு, பின்னாடிதானே?"

"பின்னாடிதான்" என்றாள் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். வளைவுக்கு அந்தப் பக்கம், கார் தெரியாத மர நிழலில் உட்கார்ந்திருந்த அம்மா.

அப்பா போன வருடம் காலமானார். கடைசி வாரத்தில் நினைவு வந்து வந்து போனபோதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னார். நானும் "பின்னாடிதான்பா, நான் பார்த்தேன்" என்றேன்.

பம்மலில் அந்தப் பஞ்சர் கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. வளைவில் இருந்த புங்க மரம் சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. நாங்கள் காரை நிறுத்திய சமதரை எது என்று அடையாளம் காண முடியவில்லை. இந்த ஆண்டு நான் வாங்கிய மின்சாரக் காரில் ஐந்தாவது டயரே இல்லை. டிக்கி விரிப்பைத் தூக்கினால் ஒரு சின்னக் காற்றடிக்கும் கருவியும், ஓட்டை அடைக்கும் பசைப் புட்டியும் இருக்கின்றன. புட்டியின் மேல் காலாவதித் தேதி பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.

எங்கள் பழைய டயரில் நான்கு இலக்கங்கள் இருந்திருக்காது. இரண்டாயிரத்துக்கு முன் வார்த்த டயர்களில் மூன்றுதான் இருந்தன என்று பின்னர் படித்தேன். அவை எவை என்பது தெரியாவிட்டாலும், அந்த டயர் 1999 தைக்கு முந்தியது என்பது வரை உறுதி. உறுதி செய்ய முடியாமல் நிற்பது ஒன்றுதான்: அப்பாவின் முகத்தை நான் பார்த்த ஹெட்லைட், காரின் இடது பக்கத்து ஹெட்லைட்டா, கல் வைத்ததாக அப்பா சொன்ன வலது பக்கத்து ஹெட்லைட்டா என்பது.