கர்ப்பப்பை என்று சொன்னோம்

என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடக்கவே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவ்வளவு நன்றாகப் புளுகி வைத்திருந்தாள் அப்பாவின் அக்கா. தஞ்சாவூரில் எடுத்தது அம்மாவின் இடது மார்பை. அந்த வார்த்தையை வீட்டுக்குள்கூடச் சொல்லக் கூடாது. என் அக்காவுக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். தாய்க்குப் புற்று என்றால் பெண்ணுக்கும் வரும் என்று ஓடிவிடுவார்களாம். அப்பா மஸ்கட்டில் இருந்தார். வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம்.

சம்பா நடவு முடிந்த சமயம் அம்மாவுக்குத் தலைவலி வந்தது. எழுந்ததும் வாந்தி. பிறகு குழம்பைத் தட்டில் ஊற்றாமல் தரையில் ஊற்றினாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றாள் அத்தை. நீடாமங்கலத்தில் வாங்கிய கண்ணாடியோடு அம்மா வாசற்படியில் விழுந்த பிறகுதான் குடவாசல் டாக்டரிடம் போனோம்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் பண்ணியிருக்கா?"

அங்கே கம்பவுண்டர், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கர்ப்பப்பைய எடுத்திருக்குங்க டாக்டர். வேற ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அத்தை.

அம்மாவின் கை மெல்ல மார்புக்குப் போனது. அத்தை அதைப் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அம்மாவுக்கு ஏற்கெனவே நாக்குக் குழறிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு என்னவோ சந்தேகம். என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு பாப்பா, அம்மாவுக்கு என்ன ஆபரேஷன்?"

"கர்ப்பப்பை" என்றேன், பாடம் ஒப்பிப்பதுபோல. அவர் தலைவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

தை மாதம் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அதற்குப் பிறகுதான் அம்மாவைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மார்பிலிருந்த புற்று ரத்தத்தோடு போய் மூளையில் பரவியிருக்கிறது, தலைவலி வந்தபோதே ஏன் வரவில்லை என்று அங்கே டாக்டர்கள் சத்தம் போட்டார்கள். வெட்டி எடுத்தது எப்படித் தலைக்குப் போகும் என்று அவர்களிடமே சண்டைக்கு நின்றாள் அத்தை. சித்திரை பிறக்கும்போது அம்மா இல்லை.

குடவாசலிலிருந்து திரும்பிய அன்று, அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்த, குழாய் செருகிக் குடிக்கிற மாம்பழ ஜூஸ் ஒன்றை அத்தை எனக்கு வாங்கித் தந்தாள். கெட்டிக்காரி என்று கன்னத்தைக் கிள்ளினாள். பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து வீடு வரைக்கும் அழுதாள். தலைவலி தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் ஜூஸைக் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சிக் குடித்தேன்.