பாட்டில் நான் மூச்சு வாங்கிய இடம்

என் நோய் முதலில் என் பாட்டில்தான் தெரிந்தது. இருமல் பிறகு வந்தது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் அந்தமானில், லாங் ஐலண்ட் தீவில், மரமில் தொழிலாளர்களின் லைன் வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. அந்த லைனில் ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் பத்து வீடு இருப்போம். யார் வீட்டிலாவது எழவு விழுந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒப்பாரியை முறையாகப் பாடத் தெரிந்தவள் அந்தத் தீவில் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதப் போனேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. ஒப்பாரியில் ஒவ்வொரு அடியையும் ஒரே மூச்சில் இழுத்து முடிக்க வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால், போகிற உயிருக்கு வழி அறுந்துபோகும், அது போக முடியாமல் அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். என் அம்மா ஓர் அடியை இழுத்தால் கேட்கிறவர்களுக்கு மூச்சு முட்டும். நானும் அப்படித்தான் பாடினேன், அந்த நாள் வரை.

மில்லில் வேலை பார்த்த ஒரு பெரியவர் இறந்துபோனார். பாட உட்கார்ந்தேன். மூன்றாவது அடியில் பாதியிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது. மறுபடியும் இழுத்தேன். அதே இடத்தில் நின்றது. சுற்றி இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏ அழகு, என்ன பாதியில விட்டுட்ட?" என்று என் பேரைச் சொல்லிக் கேட்டாள் பக்கத்தில் இருந்தவள்.

எனக்கு அவமானமாக இருந்தது. வாயில் உப்புக் கரித்தது. முந்தானையால் துடைத்தேன். சிவப்பாக இருந்தது. வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன். அன்றைக்கு நான் வெற்றிலையே போடவில்லை.

இந்த நோய் வந்து படுத்திருக்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். ஆனால் யாரையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. இந்த நாலு பக்கத்துக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆகிவிட்டது. நீங்களும் நிதானமாகப் படியுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு என்ன அவசரம்.

போட் ஏறி போர்ட் பிளேர் வந்து ஆஸ்பத்திரியில் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் வடக்கத்திக்காரர், எல்லோரையும் போல நாங்கள் அவரை டாக்டர் சாப் என்போம். ஒரு காகிதத்தில் நுரையீரலை வரைந்து, வலது பக்கம் மேலே ஒரு வட்டம் போட்டார்.

"இது காவிட்டி" (கிருமி அரித்து நுரையீரலில் விழுந்த ஓட்டை) என்றார். "டி.பி. ஊசி தொண்ணூறு. தினம் ஒன்று. பீச் மே பந்த் நஹீ." நடுவில் நிறுத்தக் கூடாது என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர், "இவ பாட்டுப் பாடுவா சாப்" என்றார், அதுதான் என் முதல் அடையாளம் என்பது போல.

"கானா பந்த்" என்றார் டாக்டர். பாடக் கூடாதாம். "பேச்சும் குறைவாக. ஆராம், ஆராம்." ஓய்வு என்பதை இரண்டு தடவை சொன்னார்.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள். போர்ட் பிளேரிலேயே டெலானிபூர் மேட்டில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்த என் நாத்தனாரிடம் அவளை விட்டோம். நான் அவரை மதினி என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மதினி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பார். நான் வராந்தாவில் நிற்பேன். நடுவில் ஒரு கிணற்று அகலத்துக்கு மேல் இருக்கும். முதல் மாதம் குழந்தை என்னிடம் வர அழுதது. இரண்டாவது மாதம் அழவில்லை. மதினியின் கன்னத்தைத் திருப்பி "அம்மா" என்று கூப்பிட்டது.

மதினி பதறிப்போய், "ஏத்தா, அத்தைன்னு சொல்லு" என்றார்.

"விடுங்க மதினி, அவ வாயில வர்றத சொல்லட்டும்" என்றேன். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். செத்துப்போவேனோ என்ற பயத்தைவிட, பிழைத்துப் போய் நின்றாலும் அவளுக்கு நான் யாரோ ஒருத்தியாக இருப்பேனோ என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் மாலதி இருந்தாள். வங்காளி. அகதியாக வந்து, மிடில் அண்டமானில் சர்க்கார் கொடுத்த நிலத்தில் காடு வெட்டி நெல் போட்ட குடும்பம். எனக்கு அவள் பாஷை தெரியாது, அவளுக்கு என் பாஷை தெரியாது. இரண்டு பேரும் ஓட்டை இந்தியில் பேசிக்கொள்வோம். சேலை முந்தியில் எப்போதும் இரண்டு ஏலக்காய் முடிந்து வைத்திருப்பாள். பி.ஏ.எஸ். (அளவில் அதிகமாகவும் கசப்பாகவும் கொடுக்கப்பட்ட காசநோய் மருந்து) விழுங்கியதும் எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று.

நாற்பத்தியோராவது ஊசிக்கு மறுநாள் கம்பவுண்டர் வெறுங்கையோடு வந்தார்.

"ஸ்டாக் கதம். மெயின்லேண்ட் கப்பல் வந்தால்தான் ஸ்ட்ரெப்டோமைசின்" (அந்த ஊசி மருந்தின் பெயர்) என்றார். கடல் சரியில்லை, கப்பல் இன்னும் மதராஸிலேயே நிற்கிறது. மாத்திரை மட்டும்தான் இருந்தது.

நடுவில் நிறுத்தக் கூடாது என்று அவர்கள் சொன்ன ஊசி அவர்கள் கையாலேயே நின்றது. யாரைக் கோபித்துக்கொள்வது? கடலையா? நாங்கள் எட்டுப் பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தோம். கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் சங்கு ஊதும். வார்டு வரை கேட்கும்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மாலதிக்குக் காய்ச்சல் ஏறியது. கப்பல் வராமலே போனால் என்ன செய்வது என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும். அவள் தனக்குத் தானே ஏதோ படகுப் பாட்டு முனகினாள். இருமல் வந்து பாட்டு நின்றது.

"அப் தும், தீதி" என்றாள். இனி நீ பாடு அக்கா என்று கேட்டாள்.

எனக்கு நலங்குப் பாட்டும் தெரியும், கும்மியும் தெரியும். ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது அதுதான். ஒப்பாரி. வார்த்தையை விழுங்கிவிட்டு மெட்டை மட்டும், மல்லாந்து படுத்தபடி, மெதுவாக இழுத்தேன். பாதி அடியில் மூச்சு நின்றது. வாங்கிக்கொண்டு மீதியை முடித்தேன். அடுத்த அடியும் அப்படியே. மாலதி கண்ணை மூடிக்கொண்டாள். காய்ச்சலோடு தூங்கிவிட்டாள். மறுநாள் அதையே கேட்டாள். மூன்றாம் நாள் மற்றக் கட்டில்காரிகளும் கேட்டார்கள். அன்றைக்கு என்னையறியாமல் வார்த்தையும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து இசக்கியம்மா தெர்மாமீட்டர் தட்டோடு உள்ளே வந்தாள். வார்டு ஆயா. திருநெல்வேலிக்காரி. கதவிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி! என்னட்டி பாடுத நீ? ஒப்பாரியால்லா பாடுத! உசுரோட இருக்கவளுக்கு!"

நான் செய்தது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"வேற எதுவும் வாயில வரலக்கா" என்றேன்.

"அதுக்குன்னு இதையா? இதுகளுக்குத் தமிழ் தெரியாதுங்கதுனால தப்பிச்ச. தெரிஞ்சா செருப்பால அடிப்பாளுவ."

மாலதி என்ன சண்டை என்று கேட்டாள். மறைக்க எனக்கு மனசு வரவில்லை. இது எங்கள் ஊரில் செத்தவர்களுக்குப் பாடுவது, தெரியாமல் பாடிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று இந்தியில் தட்டித் தடவிச் சொன்னேன். அவள் சிரித்தாள். இருமல் வரும் வரை சிரித்தாள்.

"அச்சா லக்தா ஹை" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறது, பாடு என்றாள்.

இசக்கியம்மா தட்டைக் கீழே வைத்தாள்.

"எப்பிடியும் நீதான் ஒரு அடியையும் முழுசா முடிக்கலையே" என்றாள். "இப்பிடிப் பாதியில பாதியில நிறுத்திப் பாடுனா எந்த உசுருட்டி போவும்? செத்தவனே எந்திரிச்சு உக்காந்து, மிச்சத்தச் சொல்லுட்டின்னு கேப்பான்."

தெர்மாமீட்டரை என் வாயில் செருகிவிட்டுப் போய்விட்டாள். அவள் விளையாட்டாகச் சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது. அந்த லைன் வீட்டில் என்னை அவமானப்படுத்திய மூச்சு, இங்கே எட்டுப் பேரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன். படித்தவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

விஷயம் டாக்டர் காதுக்குப் போயிற்று. திட்டப் போகிறார் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக்கொண்டே, "பாடு பார்ப்போம்" என்றார். பாடினேன்.

"படுத்துக்கொண்டு, மெதுவாக, ஒரு நாளைக்கு ஒரு தடவை" என்றார். "மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்து. இழுக்காதே. ஊசியைத்தான் நடுவில் நிறுத்தக் கூடாது. பாட்டை நிறுத்தலாம்."

அன்றிலிருந்து வார்த்தையை மாற்றினேன். ஒப்பாரியில் செத்தவர்களின் அருமை பெருமையைச் சொல்வோம். உயிரோடிருந்த இவர்களுக்கு அதையே சொன்னேன். மாலதிக்கு இப்படி:

"ஏழு கடல் தாண்டி வந்து
ஏலக்கா முடிஞ்சவளே,
கசந்த வாய்க்கெல்லாம்
கைநீட்டிக் கொடுத்தவளே."

இந்தியில் அர்த்தம் சொன்னேன். மாலதி முந்தியை அவிழ்த்து ஏலக்காயைப் பார்த்துக்கொண்டாள். ராஞ்சிக்காரப் பெண் ஒருத்தி விடவில்லை.

"மேரா முர்கீ பீ டாலோ" என்றாள். அவள் வீட்டுக் கோழிகளையும் பாட்டில் போட வேண்டுமாம். எத்தனை கோழி, என்ன நிறம் என்று கேட்டுக் கேட்டுப் போட்டேன். அதற்குள் ஒரு நாள் போனது. எங்களுக்கு வேண்டியதும் அதுதான், ஒரு நாள் போவது.

ஊசி நின்ற பதினாலாம் நாள் மத்தியானம், சோறு தின்றுகொண்டிருக்கும்போது சங்கு ஊதியது. ராஞ்சிக்காரி தட்டைக் கரண்டியால் அடித்தாள். எல்லோரும் அடித்தோம். இசக்கியம்மா, "கல்யாண வீடாட்டி இது?" என்று கத்திக்கொண்டே தானும் வாளியைத் தட்டினாள்.

ஊசி மறுபடி தொடங்கியது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அறுபது ஊசிக்கு மேல் போனபோது என் காதில் ஒரு ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து ஐந்து நாள் சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரிந்ததும் கோபித்துக்கொண்டார். அந்த மருந்து சிலருக்குக் காது நரம்பைத் தொடும், முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினார். ரீங்காரம் கடைசி வரை போகவில்லை. நீங்கள் என்னைப் போல மறைக்காதீர்கள்.

மூன்று தடவை சளிப் பரிசோதனை (சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். இரண்டாவது சுத்தமாக வந்த வாரத்தில், பாடிக்கொண்டிருந்தபோது ஓர் அடி முழுதாக வந்துவிட்டது. நிற்கவே இல்லை. நான் கவனிக்கவில்லை. மாலதிதான் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஆஜ் ருகா நஹீ!" இன்றைக்கு நிற்கவில்லையே என்றாள்.

வாசலில் இசக்கியம்மா. "ஏட்டி, முடிச்சுட்டியா? நல்லாத்தான போய்க்கிட்டிருந்து? பாதியில நிறுத்துட்டி!"

வார்டே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெஞ்சு அகலமாகிவிட்டது போல இருந்தது. ஆனால் அடுத்த அடியில், மூச்சு கையில் இருக்கும்போதே, பழைய இடத்தில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு எப்போதும் அங்கே நிறுத்தித்தான் பாடுகிறேன். எழவு வீட்டில் பாடக் கூப்பிட்டால் போவதில்லை.

மாலதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனாள். பல வருஷம் வரை, பனிக்காலத்தில் யாராவது போட்டில் வருகிறவர்களிடம் பொரியுருண்டை கொடுத்தனுப்புவாள். உள்ளே ஓர் ஏலக்காய் இருக்கும்.

மூன்றாவது பரிசோதனையும் சுத்தம். டெலானிபூருக்குப் போனேன். மகள் மதினியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். பக்கத்தில் போகவில்லை. மூன்று நாள் அந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, அரிசி புடைத்துக்கொண்டு, அவளுக்காக வார்த்தை மாற்றிய அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள், பாதி அடியில் நிறுத்தியபோது என் முழங்கையில் சின்னக் கை ஒன்று தொட்டது.

"அப்புறம்?" என்றாள்.

நான் அவசரப்படவில்லை. மூச்சை வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னேன். அடுத்த அடியிலும் நிறுத்தினேன். அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தாள். நாலைந்து அடிக்குள் மடியில் இருந்தாள்.

இப்போது புரோத்ராபூரில் மகள் வீட்டில் இருக்கிறேன். வலது நுரையீரலில் தழும்பு இருக்கிறது, எக்ஸ்ரே எடுக்கும் ஒவ்வொரு டாக்டரும் அதைக் காட்டிக் கேட்பார். மழைக்கு முன்னால் அந்த இடம் லேசாக இழுக்கும், எனக்கே அது தெரியும். காதில் ரீங்காரம் இருக்கிறது. முன்பெல்லாம் நாள் என்றால் எனக்குச் செய்து முடிக்க வேண்டிய வேலை. இப்போது எவ்வளவு தூரம் ஒரே மூச்சில் நடக்கிறேன், எங்கே நிற்கிறேன் என்பதுதான் நாள். நிற்பதில் எனக்கு வெட்கம் இல்லை. மருந்தை மட்டும் பாதியில் நிறுத்தாதீர்கள்.

மகள் துணி மடிக்கும்போது அந்தப் பாட்டைப் பாடுவாள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை, நல்ல நெஞ்சு. ஆனாலும் சரியாக அந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாள்.

"அங்க ஏன்டி நிக்கிற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாட்டே அப்படித்தானம்மா" என்றாள்.

சொல்லிவிட்டுத் துணியை எடுத்தாள், பாடினாள், நிறுத்தினாள். காதில் ரீங்காரம் மட்டும் கேட்டது. அவள் மீதியைத் தொடங்கும் வரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.