அறுபத்து நான்கு தாள்கள்

எனக்கு அப்போது பத்து வயது. கோடை விடுமுறை. மைசூர் அக்ரஹாரத்தில் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மத்தியானம் அவர் சாப்பிடப் போகும் அரைமணி நேரம் கடைக்கு நான்தான் காவல்.

அன்று காலை ஓய்வுபெற்ற உருது வாத்தியார் ஒருவர் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். இருநூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஓர் உருதுக் கவிஞரின் வாழ்க்கையும் கஜல்களும். பதினொரு வருட உழைப்பு, வேறு பிரதி கிடையாது. நகல் எடுத்து, நாலு மணி பஸ்ஸில் பெங்களூர் போய், மூலத்தை அன்றே பதிப்புக் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். அன்றுதான் கடைசி நாள்.

"பக்கத்துக்கு நம்பரே போடலையே சார்?" என்றார் சித்தப்பா.

"கவிஞர் காலத்துல யாரும் போட்டதில்லேப்பா. காகிதமே வழி சொல்லும்." வாத்தியார் தமிழ்நாட்டு எல்லையோரக் கொள்ளேகாலில் பிறந்தவர், தமிழ் நன்றாக வரும்.

கரண்ட் இல்லை. சித்தப்பா தாள்களை எண்ணி, மேலே ஸ்டேப்ளரை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். எழுத்தின் வளைவுகளைப் பார்க்கும் ஆசையில் நான் ஸ்டேப்ளரை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அறுபத்து நான்கு தாள்களும் தரையில்.

சித்தப்பா திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "அடிப்பாவி! அந்த மனுஷன் உசிரையே குடுத்துட்டுப் போயிருக்காரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எப்படியோ அடுக்கிக் கட்டிடுவோம். வாயத் திறந்தே, கொன்னுடுவேன்."

மணி ஒன்று ஐம்பது. பொறுக்கும்போதுதான் கவனித்தேன்: ஒவ்வொரு தாளின் அடியிலும், இடது மூலையில், ஒரே ஒரு சொல் தனியாகச் சாய்ந்து நின்றது. அதே வடிவம் வேறொரு தாளின் தலையில், வலது ஓரத்தில் இருந்தது. ஒரு தாளின் கால், அடுத்த தாளின் தலை. படிக்கத் தெரியாமலே ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போனேன். சித்தப்பா நம்பாமல் பார்த்தார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு இரண்டு தாள்கள் மிஞ்சின. இரண்டின் தலையிலும் ஒரே சொல், அடியிலும் ஒரே சொல். இரண்டு இடங்களில் எதை எங்கே வைத்தாலும் பொருந்தியது.

"ஏதாவது ஒண்ணு வெச்சுத் தொலைடி!"

வைத்தேன். நகல் எடுத்து இரண்டு கட்டுகளாகக் கட்டினேன்.

மூன்றரைக்கு வாத்தியார் வந்தார். மூலத்தின் கட்டைப் பிரித்து, நின்றபடியே புரட்டினார். ஓரிடத்தில் விரல் நின்றது. முன் தாளுக்குப் போனார், திரும்பி வந்தார். சித்தப்பா மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டு, வேறொருவரின் ரேஷன் கார்டை மூன்றாவது முறையாக நகல் எடுத்தார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் என் கால்களைப் பார்த்தேன்.

"பேட்டி," என்று உருதுவில் மகளாக அழைத்தார். "கொஞ்சம் தண்ணி கொண்டா."

உள்ளே டம்ளரைக் கழுவி, பானையிலிருந்து மொண்டுவர இரண்டு மூன்று நிமிடம் ஆகியிருக்கும். வந்தபோது இரண்டு கட்டுகளும் அவர் பையில் இருந்தன. தண்ணீரை முழுதும் குடித்தார்.

"எல்லாம் சரியா இருக்குப்பா," என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு விரைந்தார்.

சித்தப்பா எனக்கு ஒரு பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு படித்தவரையே ஏமாற்றிவிட்டோம் என்ற நினைப்போடு அதைக் குடித்தேன். ஒரே ஒரு வருத்தம்தான். இரண்டு கட்டுகளிலும் நான் பார்த்துப் பார்த்துப் போட்ட பூ முடிச்சுகளை அவிழ்த்து, அவர் வேறு முடிச்சுப் போட்டிருந்தார். என் கட்டு அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.